பதினாறில் ஒரு பிக்ஸல்

2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் ஓர் அறிவிப்பு செய்தார். 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-க்கு இணையான வேகம் தரும் என்றார். கார்டு கைக்கு வந்ததும், ஏஐ உதவியை அணைத்துவிட்டுச் சோதித்தவர்கள் கண்டது வேறு. அது ஏறக்குறைய பழைய 4070 சூப்பர் அளவில்தான் ஓடியது. அப்படியானால் மேடையில் சொன்னது பொய்யா? திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்களில் எதை ஃபிரேம் என்று எண்ணுகிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

ஏஐ உதவி ஏன் தேவைப்படுகிறது? ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து படம் வரையும் ரே டிரேசிங் புதிதல்ல. 1980-இல் டர்னர் விட்டெட் வெளியிட்ட ஆய்வில், கட்டம் போட்ட தரைக்கு மேல் மிதக்கும் கோளங்களின் ஒரே படத்தை வரைய கணினிக்கு 74 நிமிடம் பிடித்தது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் இன்றைய வீடியோ விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 17 மில்லிசெகண்டுகூட இல்லை. அதற்குள் ஒளி சுவரிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிப்பதை முழுசாகக் கணக்கிடும் பாத் டிரேசிங், எவ்வளவு பெரிய கார்டையும் திணறடிக்கும். அதனால் கொஞ்சத்தைக் கணக்கிட்டு, மிச்சத்தை ஏஐ மூலம் ஊகிக்கிறார்கள்.

ஒரு 4கே ஃபிரேமில் சுமார் 83 லட்சம் பிக்ஸல். என்விடியாவின் ஏஐ நுட்பமான டிஎல்எஸ்எஸ்ஸின் 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் கார்டு அதில் கால்வாசியைத்தான் வரைகிறது. டிஎல்எஸ்எஸ் 4 வந்தபின், வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூன்று ஃபிரேம்களை ஏஐ இட்டு நிரப்ப முடியும். பெருக்கிப் பாருங்கள்: திரையில் தெரியும் பதினாறு பிக்ஸலில் ஒன்றுதான் கார்டு நிஜமாகக் கணக்கிட்டது.

கண்ணுக்கு இது பெரும்பாலும் உறுத்துவதில்லை, விரலுக்குத் தெரியும். இடைச்செருகல் ஃபிரேமை உருவாக்க, அடுத்த நிஜ ஃபிரேம் தயாராகும்வரை காத்திருந்தாக வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேமை 120 ஆக்கினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கு எதிர்வினை 30-இன் வேகத்தில், இன்னும் சற்றுத் தாமதமாகவே வரும். ஆக, 60-ஐ 200 ஆக்குவது நல்ல வித்தை. 25-ஐ 100 ஆக்குவது ஏமாற்று என்பேன்.

நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று சொல்லும் சராசரி எஃப்பிஎஸ்ஸும் பழைய ஆள்மயக்கிதான். முதல் அரை நொடியில் 59 ஃபிரேம், அடுத்த அரை நொடி முழுக்க ஒரே ஃபிரேம் உறைந்து நின்றாலும் கணக்கில் 60 என்றே வரும். 2011-இல் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியே அளந்து எழுதியபின்தான், சோதனைகளில் இந்தத் திக்கல் கணக்கில் ஏறத் தொடங்கியது. இன்று விமர்சனங்களில், மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தை '1% லோ' என்று போடுகிறார்களே, முதலில் பார்க்கவேண்டிய எண் அது.

கார்டின் நினைவகமும் திக்கலுக்குக் காரணம். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, ஒரே சிப்போடு 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விதமாக வந்தது. 8 ஜிபி நிரம்பிவிட்டால், பொருள்களின் மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்சர்கள் கணினியின் ராமுக்கும் கார்டுக்கும் இடையே அலைகின்றன. சிப் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

டெக்ஸ்சரைச் சிறு நியூரல் நெட்வொர்க்காகச் சுருக்கி வைக்கும் முறை அடுத்து வருகிறது. நினைவகத் தேவை வெகுவாகக் குறையலாம். ஆனால் ஒவ்வொரு விளையாட்டையும் அதற்கென்றே எழுதவேண்டும். அதை நம்பி இன்று 8 ஜிபி கார்டு வாங்காதீர்கள்.