உழைக்காமலே வரும் களைப்பு

நீர் நிறைந்த வாளி ஒன்றைக் கையில் தொங்கவிட்டபடி ஐந்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். வாளி நகரவில்லை. ஆகவே இயற்பியல் கணக்குப்படி நீங்கள் வாளியின்மீது செய்த வேலை சுழி. ஆனால் கை கடுக்கிறது! காரணம், தசை நார்கள் உள்ளுக்குள் ஓயாமல் சுருங்கி ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. வெளியே தெரியும் வேலையை மட்டும் வைத்து ஒருவருடைய களைப்பை அளக்க முடியாது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்களை எண்ணிப் பாருங்கள். உழைப்பால் வந்த அசதி பெரும்பாலும் நல்ல தூக்கத்தில் தீர்ந்துவிடும். அவர்களுள் ஒருவருக்குக் குடல் அழற்சி நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தூங்கி எழுந்த பின்னும் அவருக்குக் களைப்பு தீர்வதில்லை. ‘சோம்பேறி’ என்று மற்றவர்கள் பேசுகிறார்கள். இது நியாயமா?

குடல் அழற்சி நோய் என்பது என்ன?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே குடலின் சுவரைத் தாக்கி நீண்ட நாள் புண்ணாக்கும் நிலை இது. இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பெருங்குடல் புண் அழற்சியை 1859-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் விவரித்தார். கிரோன் நோயை 1932-ல் நியூயார்க்கில் பரில் கிரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் விவரித்தனர். வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். நோய் சில காலம் சீறும். சில காலம் அடங்கும். இது தொற்றுநோய் அன்று.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

காய்ச்சலின்போது படுக்கையை விட்டு எழவே மனம் வராது அல்லவா? உடலில் அழற்சி ஏற்பட்டால் சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்கள் உண்டாகி, ‘ஓய்வெடு’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. குடல் அழற்சியில் இந்தச் செய்தி மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கலாம்.

இரத்தக் கசிவால் இரும்புச்சத்து குறைகிறது. அழற்சி, உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் அப்போது போதிய அளவு கிடைக்காது. இரவில் அடிக்கடி எழுந்திருப்பதால் தூக்கமும் கெடுகிறது. ஆகவே முதலில் மருத்துவரிடம் சென்று இவற்றைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் ஒரு புதிர்: அழற்சி அடங்கிய பின்னும் பலருக்குக் களைப்பு நீடிக்கிறது. இங்குதான் மனத்தின் பங்கைப் பார்க்க வேண்டும்.

மனம் களைத்தால்

இத்தாலியின் டூரின் நகர உடலியல் பேராசிரியர் ஏஞ்சலோ மோசோ, எர்கோகிராஃப் என்ற கருவியை அமைத்தார். நடுவிரலால் ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பின் உயரத்தையும் கருவி கோடாகப் பதிவு செய்யும். அவருடைய சக ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்கு நெடுநேரம் வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து இழுத்தபோது, விரல் வழக்கத்தைவிட விரைவில் ஓய்ந்தது! விரலுக்கு வேலையே இல்லை; உழைத்தது மூளை. 1891-ல் ‘களைப்பு’ என்ற நூலில் மோசோ இத்தகைய சோதனைகளை எழுதினார்.

நம் தொழிலாளியின் மனம் எந்நேரமும் ஒரு தேர்வில் இருக்கிறது. ‘கம்பெனி பஸ்ஸில் போகும்போது அவசரம் வந்தால்? இயந்திரத்தை விட்டுக் கழிப்பறைக்குப் போனால் மேஸ்திரி என்ன சொல்வார்?’ இந்தக் கவலை அவரைக் களைக்கச் செய்கிறது. களைப்பால் வேலை குறைகிறது. அதனால் கவலை மேலும் பெருகுகிறது.

பூண்டி ஏரியும் மனநல உதவியும்

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் இருக்கிறதே என்று மதகுகள் அனைத்தையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் பிறகு வெறும் தரைதான். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் செய்து முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடும் நோயாளியும் இப்படித்தான்.

மனநல ஆலோசகர் மதகைப் பார்த்துத் திறக்கக் கற்றுத் தருகிறார். எப்போது களைப்பு கூடுகிறது என்று நாட்குறிப்பு எழுதுதல், வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல், ஓய்ந்து விழுமுன்னே ஓய்வெடுத்தல், இலேசான உடற்பயிற்சியை மெல்லக் கூட்டுதல் ஆகியவை அதற்கான வழிகள். ‘இனி என்னால் எதுவும் ஆகாது’ என்ற எண்ணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கவும் பழக்குகிறார். இந்த உதவி அழற்சியை ஆற்றாது. மருந்துக்கு மாற்றும் ஆகாது. பயனும் எல்லோருக்கும் ஒரே அளவில் இராது, ஆய்வுகள் தொடர்கின்றன. ஆயினும் கவலை குறைந்தால் அதில் வீணாகும் ஆற்றல் மிச்சமாகும்.

மனநல உதவி நாடுவோர்க்காக மைய அரசு 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

‘மனநல உதவி’ என்றதும், ‘அப்படியானால் எல்லாம் வெறும் கற்பனைதானா?’ என்று கேட்காதீர்கள். வாளி பிடித்த கையின் கடுப்பு கற்பனையா? உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் இத்தகைய நோயாளி ஒருவர் இருக்கலாம். அவரைச் சோம்பேறி என்னுமுன், அவர் கையில் நம் கண்ணுக்குத் தெரியாத வாளி ஒன்று இருப்பதை நினைவில் கொள்ளுங்கள்.