ஆணா, பெண்ணா, குஞ்சா? சோலைபாடியை அறிவோம்



நெகிரி செம்பிலானில் காட்டை ஒட்டிய தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் சீவியவர்களுக்கு ஒரு பறவையின் பாட்டு நன்றாகத் தெரியும். மலாயில் முராய் பாத்து, தமிழில் சோலைபாடி. குரலைக் கேட்டிருக்கிறோம். நேரில் கண்டால் ஆண், பெண், குஞ்சு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லயத்து வேலியில் வந்து உட்காரும் கறுப்பு வெள்ளைப் பறவை முராய் கம்போங். அதன் இறக்கையில் வெள்ளைப் பட்டை இருக்கும். சோலைபாடியின் இறக்கையில் வெள்ளை கிடையாது; வால் தொடங்கும் இடத்தில் முதுகில்தான் வெள்ளைத் திட்டு. இது புதர்களுக்குள் ஒதுங்கி வாழும்.

ஆண்: தலை, மார்பு, முதுகு எல்லாம் நீலம் மின்னும் கறுப்பு. வயிறு செங்காவி. வால் மிக நீளம். ஓர இறகுகள் வெள்ளை.

பெண்: ஆணுக்குக் கறுப்பாக உள்ள இடமெல்லாம் மங்கிய சாம்பல். வயிறு வெளிறியிருக்கும், வாலும் குட்டை. வேறு பறவை என்று நினைத்துவிட வேண்டாம். முதுகின் வெள்ளைத் திட்டு இதற்கும் உண்டு.

குஞ்சு: பழுப்பு உடல், தலையிலும் மார்பிலும் மங்கிய மஞ்சள் புள்ளிகள். ஆண் குஞ்சுக்குக் கறுப்பு ஏறிய பிறகும் இறக்கையில் சில பழுப்பு இறகுகள் தங்கியிருந்தால், அதற்கு இன்னும் முதல் வயது என்று பொருள். வாலை மட்டும் வைத்து வயதைக் கணிக்காதீர்கள். இறகு உதிரும் பருவத்தில் முதிர்ந்த பறவைக்கும் வால் குறைந்திருக்கும்.

இதைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். கூண்டு வியாபாரம் பாட்டுக்காகவும் வாலுக்காகவும் ஆணைத்தான் தேடுகிறது. மரப்பொந்தில் பெண் அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் ஆணும் சேர்ந்து இரை ஊட்டும். ஆணைப் பிடித்துப் போனால் அந்தக் குடும்பமே தவித்துப்போகும். ஜாவா தீவில் இப்படிப் பிடித்துப் பிடித்தே காட்டில் இப்பறவை அரிதாகிவிட்டது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய உலக மாநாடு, இதன் அனைத்துலக வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. மலேசியாவிலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இதனை வளர்க்க முடியாது.

சிம்பாங் பெர்தாங் அருகே செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பாசோ காடு போன்ற இடங்கள்தாம் இதற்கு மிஞ்சியிருக்கும் வீடு. காட்டோரத்தில் புள்ளி போட்ட குஞ்சு ஒன்று தரையில் தத்தித் தத்திப் போனால், அநாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். தாயோ தகப்பனோ இரையோடு பக்கத்துப் புதரில்தான் இருக்கும்.