ஆப்பிரிக்கப் பண்பாட்டு ஆய்வில் மேற்கத்தியத் தாக்கம்

ஆப்பிரிக்க மக்களின் வரலாறு, கலை, சமயம், சமூக அமைப்பு ஆகியவற்றைப் பற்றிய கல்விசார் ஆய்வுகள் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உருப்பெற்றன. எதைச் சான்றாக ஏற்பது, எந்தக் கேள்வியை எழுப்புவது என்பதை வெளியிலிருந்து வந்தவர்களே முடிவு செய்தனர். இதன் தாக்கம் இன்றும் தொடர்கிறது.

பின்னணி

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் எகல், உலக வரலாற்றில் ஆப்பிரிக்காவுக்கு இடமில்லை என்று தம் விரிவுரைகளில் கூறினார். எழுத்து ஆவணம் இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. எத்தியோப்பியாவின் கீயஸ் மொழி நூல்களும் திம்புக்துவின் அரபுச் சுவடிகளும் இருந்தும் இக்கருத்து நீடித்தது. ஆட்சித் தேவைகளும் ஆய்வுக்கு வழிவகுத்தன. எவன்சு-பிரிட்சர்டு 1940இல் வெளியிட்ட நூவர் மக்கள் பற்றிய புகழ்பெற்ற நூல், அன்றைய சூடான் அரசின் வேண்டுகோளின்படியும் நிதியுதவியுடனும் செய்யப்பட்ட ஆய்வின் பயனாகும்.

பெரிய சிம்பாப்வே

முன்முடிவு சான்றை எவ்வாறு மறைக்கும் என்பதற்குப் பெரிய சிம்பாப்வேயின் கல் இடிபாடுகள் தெளிவான எடுத்துக்காட்டு. சாந்து பூசாமல் கருங்கற்களை அடுக்கிக் கட்டிய இதன் சுவர்கள் சில இடங்களில் ஏறத்தாழ 11 மீட்டர் உயரம் கொண்டவை. இவற்றைக் கட்டியவர்கள் இன்றைய சோனா மக்களின் முன்னோர்.

1871இல் இங்கு வந்த ஜெர்மானியப் பயணி கார்ல் மவுக், அங்கிருந்த மரத்துண்டு தம் பென்சிலின் மரத்தைப் போல இருப்பதாகக் கண்டார். எனவே அது லெபனான் நாட்டுத் தேவதாரு என்றும், கட்டடம் சேபா நாட்டு அரசியுடன் தொடர்புடையது என்றும் முடிவு செய்தார். வேறு சிலர் பினீசியர் கட்டினர் என்றனர். ஆப்பிரிக்கர் கட்டியிருக்கலாம் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

1905இல் ராண்டல்-மக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அகழாய்வு செய்து, இவை ஆப்பிரிக்கர் கட்டியவையே என நிறுவினர். ஆயினும் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு இம்முடிவை வெளிப்படையாகக் கூற விடாமல் நெருக்கடி கொடுத்தது. தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1980இல் விடுதலை பெற்ற நாடு, இவ்விடத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

ஆப்பிரிக்க அறிஞர்களின் பங்கு

பின்னாளில் கென்யாவின் தலைவரான யோமோ கென்யாட்டா, இலண்டனில் மாலினோவ்சுக்கியிடம் மானிடவியல் பயின்று, தம் கிக்குயூ மக்களைப் பற்றி 1938இல் நூல் வெளியிட்டார். நைஜீரிய வரலாற்றாளர் கென்னத் டிக்கே, காலனிய ஆவணங்களுடன் வாய்மொழி மரபுகளையும் சான்றாகக் கொண்டார். நைஜர் கழிமுக வணிகம் பற்றிய அவரது நூல் 1956இல் வெளிவந்தது. சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், பிறர் கூற்றுடன் பொருந்துகிறதா என வாய்மொழிச் செய்தியைச் சோதிக்கும் முறையைப் பெல்ஜிய அறிஞர் யான் வன்சினா 1961இல் விளக்கினார். யுனெசுக்கோவின் பல தொகுதிகள் கொண்ட ஆப்பிரிக்கப் பொது வரலாறு, ஆப்பிரிக்க அறிஞர்கள் பெரும்பங்கு ஏற்று உருவாக்கியதாகும்.

மதிப்பீடு

மேற்கத்திய ஆய்வு முழுவதையும் தவறென ஒதுக்க முடியாது. பெரிய சிம்பாப்வே பற்றிய கட்டுக்கதையை உடைத்தவர்களும் பிரித்தானிய ஆய்வாளர்களே. கிடைத்த சான்றை அவர்கள் ஏற்றனர். மற்றவர்கள் ஏற்க மறுத்தனர். எனினும் ஆப்பிரிக்கா பற்றிய ஆய்வுகள் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமே வெளியாகின்றன. ஆய்வுக்கு உட்பட்ட மக்களே தம் மொழியில் அவற்றைப் படித்து மறுக்கவோ ஏற்கவோ இயலாத நிலை பல இடங்களில் நீடிக்கிறது.