அமைதி அறையும் தொழுகை வரிசையும்: ஜெர்மானியப் பல்கலைக்கழக வளாகங்களை முன்வைத்து

பல்கலைக்கழக வளாகங்களில் முஸ்லிம் மாணவர்க்குரிய தொழுகையிடம் பெரும்பாலும் சமயப் பொறை பற்றிய வினாவாகவே பேசப்படுகிறது. அதனை இட அமைப்புப் பற்றிய வினாவாகவும் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. 2016ஆம் ஆண்டின் முற்பகுதியில் டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் ‘அமைதி அறை’யையும், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் தொழுகை அறையையும் மூடின. இரண்டும் ஒருசேரப் பேசப்பட்டாலும் அவற்றின் காரணங்கள் வேறானவை.

அமைதி அறை என்னும் வடிவத்துக்கு ஒரு மரபு உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் நியூயார்க் தலைமையகத்தில் டாக் ஹாமர்ஷோல்டு முன்னின்று 1957இல் சீரமைத்த தியான அறை அதற்கு முன்மாதிரி. அங்கே நடுவில் ஓர் இரும்புத்தாதுப் பாறை; எதிரே சில இருக்கைகள்; சமயச் சின்னம் எதுவுமில்லை. பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலில் 1994இல் திறக்கப்பட்ட அமைதி அறை இதனைப் பின்பற்றியதே. தனியொருவர் அமர்ந்து, பேசாமல், தம்முள் ஆழ்வதே வழிபாட்டின் பொதுவடிவம் என்னும் கொள்கை இவ்வறைகளில் உறைந்துள்ளது. எல்லார்க்கும் பொது என்று கருதப்படும் இவ்வடிவமும் ஒருவகை வழிபாட்டு மரபைச் சார்ந்ததே எனலாம்.

தொழுகையோ உடலால் நிகழ்வது. நிற்றல், குனிதல், நெற்றி நிலம்படப் பணிதல் ஆகியவற்றுக்குத் தூய தரை வேண்டும். கிப்லாத் திசை தெரிய வேண்டும். அது தமிழகத்தில் ஏறத்தாழ மேற்கு, ஜெர்மனியில் தென்கிழக்கு. கூட்டுத் தொழுகையில் தோளோடு தோள் சேர வரிசை அமையும். தொழுமுன் ஒளூச் செய்வதற்குக் காலைக் கழுவ நீர் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குத்பா என்னும் பேருரையும் உண்டு. அமைதி அங்கே பொருந்தாது.

காலமும் கருதத்தக்கது. டிசம்பரில் பெர்லினில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. எனவே லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று வேளைகளும் நண்பகலுக்குப் பின் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துள் நெருங்கி வருகின்றன. மூன்றும் வகுப்பு நேரமே. கோடையிலோ மஃரிப் இரவு 9 மணியைக் கடந்துவிடும். வீட்டிலோ நகரப் பள்ளிவாசலிலோ தொழுதுகொள்ளலாமே என்னும் வாதம் கோடைக்கு ஓரளவு பொருந்தும், குளிர்காலத்துக்குப் பொருந்தாது.

டோர்ட்மண்ட் அறை எல்லாச் சமயத்தார்க்கும் சமயம் சாராதோர்க்கும் உரியதாக 2012இல் திறக்கப்பட்டது. காலப்போக்கில் அங்கே தடுப்புகள் வைக்கப்பட்டு, பெண்களுக்குச் சிறுபகுதி ஒதுக்கப்பட்டது. பால் சமத்துவத்துக்கு இது முரண் என்பதே நிருவாகம் சொன்ன காரணம். இக்காரணத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. பொது அறையை ஒரு சாரார் தம் விதிக்கு உட்படுத்துவது பிறர் உரிமையைக் குறைப்பதே. ஆயினும் அறை மூடப்பட்டபோது, சிறுபகுதிக்கு ஒதுக்கப்பட்ட பெண்கள் அதனையும் இழந்தனர். தடுப்பை அகற்றுதல், நேரம் பகுத்தல் போன்ற வழிகள் இருந்தன.

பெர்லினில் இவ்வகை முறைகேடு காரணமாகக் காட்டப்படவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் சமயம் சாராதது என்னும் கொள்கையே அங்கு முன்வைக்கப்பட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்துவந்த வெள்ளிக்கிழமைத் தொழுகையும் அதனோடு முடிவுக்கு வந்தது. முன்னது நடத்தை பற்றிய சிக்கல், விதிகளால் தீரக்கூடியது. பின்னது கொள்கை பற்றியது, எந்த விதியாலும் தீராதது.

இடவமைப்பு நோக்கில் சிக்கலை அணுகியதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டியர்பார்ன் வளாகத்தில் மாணவர் கைகழுவும் தொட்டிகளில் கால் கழுவியதால் தரையில் நீர் தேங்கி வழுக்கியது. 2007இல் நிருவாகம் கால் கழுவுவதற்கென்றே தாழ்வான தொட்டிகளை அமைக்க முடிவு செய்தது. அரசு நிறுவனம் ஒரு சமயத்துக்குத் துணைபோகிறது என்ற கண்டனம் எழுந்தது. இது தூய்மையும் பாதுகாப்பும் பற்றிய ஏற்பாடு, எவரும் பயன்படுத்தலாம் என்பதே பல்கலைக்கழகம் தந்த விடை.