தீவன மூட்டையிலிருந்து ஹலால்

கோழித் தீவனத்தை ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். மஞ்சள் நொய்யாக மக்காச்சோளம் தெரியும். பழுப்பாக சோயாப் புண்ணாக்கு கிடக்கும். மூக்கருகே கொண்டுபோனால் மீன்தூள் வாடை அடிக்கும். சுலபத்தில் கண்ணில் படாதது வைட்டமின் ஏ. காற்றுப் பட்டால் வீணாகிவிடும் என்பதால், அதைக் கடுகைவிடச் சிறிய மணிகளாக்கிப் பெரும்பாலும் ஜெலட்டினில் பொதிந்து கலக்கிறார்கள். அந்த ஜெலட்டின் மாட்டிலிருந்து வந்ததா, பன்றித் தோலிலிருந்து வந்ததா? ஹலால் தீவனத்துக்கான விசாரணை இந்த அளவு நுணுக்கமானது.

ஹலால் என்றதும் பிஸ்மி சொல்லி அறுப்பதுதான் பலருக்கு நினைவு வரும். அந்தப் பிராணி உயிரோடு இருந்தபோது எதைத் தின்றது என்ற கேள்வியும் மார்க்கத்தில் பழமையானதே. அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணியை அரபியில் ‘ஜல்லாலா’ என்பார்கள். அதன் இறைச்சியையும் பாலையும் நபிகள் நாயகம் (ஸல்) தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் உள்ளது. பரிகாரமும் உண்டு: அடைத்து வைத்துச் சுத்தமான தீனி போட வேண்டும். ஒட்டகத்துக்கு 40 நாள், மாட்டுக்கு 30, ஆட்டுக்கு 7, கோழிக்கு 3 என்று ஷாஃபி மத்ஹப் நூல்கள் சொல்கின்றன. இறைச்சியில் நாற்றம் நீங்கியதா என்பதுதான் அளவுகோல். நாள் கணக்கு அதற்கான உத்தேசம்.

மலேசியாவின் ‘எம்எஸ் 1500’ ஹலால் தரம் இந்த விதியை இன்றைய பண்ணைக்குக் கொண்டு வந்தது. வேண்டுமென்றே, தொடர்ந்து நஜீஸ், அதாவது மார்க்கம் அசுத்தம் என்று சொல்வதை, கொடுத்து வளர்த்த பிராணியை முறைப்படி அறுத்தாலும் அது ஹலால் ஆகாது. ‘வேண்டுமென்றே’, ‘தொடர்ந்து’ என்ற இரண்டு சொற்களில்தான் விதியின் நியாயம் இருக்கிறது. குப்பையைக் கிளறிப் புழு பொறுக்கும் நாட்டுக்கோழி இதில் சிக்காது. நாள்தோறும் பன்றி இரத்தத் தூள் கலந்து போடும் பண்ணை சிக்கும். வளர்ப்பு மீனுக்கும் இதே விதிதான்.

தூளாகிவிட்ட ஒன்றின் பூர்வீகத்தை எப்படிக் கண்டறிவது? 1986இல் பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் அடையாளம் காணப்பட்டது. மாட்டுக்கே மாட்டின் இறைச்சி, எலும்புத் தூளைத் தின்னக் கொடுத்ததால் அது பரவியது. அதன் பிறகு ஐரோப்பிய ஆய்வகங்கள் செம்மைப்படுத்திய முறைகள் இதற்கும் கைகொடுக்கின்றன. தீவனத்தை டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற கனமான திரவத்தில் போட்டால் தவிடும் புண்ணாக்கும் மிதக்கும், எலும்புத் துணுக்கு அடியில் தங்கும். அதை நுண்ணோக்கியில் வைத்தால் எலும்புக்குள் குட்டிக் குழிகள் தெரியும். நிலத்துப் பிராணிக்கு அவை முட்டை வடிவில் இருக்கும், மீனுக்கு நீண்டு மெலிந்திருக்கும். நிலத்துப் பிராணிதான், ஆனால் மாடா பன்றியா என்பதைப் பிசிஆர் சோதனை சொல்லும். ஆலையின் வெப்பத்தில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடுவதால், ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான பிரதிகள் உள்ள மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் சிறு துண்டுகளைத் தேடுகிறார்கள்.

ஜெலட்டினில் இந்தச் சோதனையும் திணறும். பலமுறை கழுவிக் கொதித்து வந்த புரதத்தில் டிஎன்ஏ மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் கொள்முதல் சீட்டு, மூலப்பொருள் சான்று, ஹலால் தீவனத்துக்கென்று தனி எந்திர வரிசை, தனிக் கிடங்கு ஆகியவற்றுக்கு இத்தனை முக்கியத்துவம். முந்தைய கலவையின் மிச்சம் எந்திரத்தில் ஒட்டியிருந்தாலே அடுத்த மூட்டை கெட்டுவிடும்.

இப்னு உமர் தாம் உண்ண விரும்பிய கோழியை மூன்று நாள் அடைத்து வைப்பார் என்று அறிவிப்பு உண்டு. அவருடைய கோழி அவர் கண் முன்னே இரை தின்றது. கடையில் உரித்த கோழியை வாங்கும் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கண்ணால் பார்த்ததைத் தீவன ஆலையின் பதிவேடு நமக்காகப் பார்க்கிறது. அதில் ஒரு வரி பொய்யானாலும் சாப்பிடுபவருக்குத் தெரியப் போவதில்லை. ஆகவே, அதை எழுதும் கை நேர்மையாக இருந்தே தீர வேண்டும்.