தலைநகர் செல்வோர் காண வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் தோட்டப்புறக் குடும்பங்கள் பல கோலாலம்பூருக்குச் சென்றுவர ஆயத்தமாகின்றன. திரும்பி வந்தோரிடம், "தலைநகரில் எவற்றைக் கண்டீர்கள்?" என நாம் வினவுவதுண்டு. "பத்துமலைக்குப் போனோம், மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுத்தோம், இரட்டைக் கோபுரத்தின் முன் படம் பிடித்தோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இவற்றில் தவறு ஏதுமில்லை. ஆயினும், பல மாதம் சேமித்த பணத்தைச் செலவிட்டு மேற்கொள்ளும் பயணம் இது. அந்நகரின் வளர்ச்சியில் தம் பாட்டன் பாட்டியரின் வியர்வையும் கலந்துள்ளது என்பதை அறியாமலேயே பிள்ளைகள் திரும்புவார்களாயின், அப்பயணத்தின் பெரும்பயன் கைநழுவிப் போகின்றது. ஆகவே, தலைநகரில் என்ன காணலாம், அதனை எவ்வாறு காணலாம் என்பது குறித்துச் சில செய்திகளை இங்குக் கூற விழைகிறோம்.

பயண ஏற்பாடு

ஜொகூரிலிருந்து பேருந்தில் செல்வோர் இறங்கும் இடம், 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டி.பி.எஸ். எனப்படும் தென்பகுதிப் பேருந்து முனையமாகும். இரயிலை விரும்புவோர்க்கும் இப்பொழுது வசதி உண்டு. இ.டி.எஸ். மின்சார இரயில் 2025ஆம் ஆண்டில் சிகாமட், குளுவாங் ஆகிய ஊர்களை எட்டியது. விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது அரிது. முன்கூட்டியே பதிவு செய்தல் நன்று.

பெரியவர்கள் அடையாளக் கார்டை மறவாமல் எடுத்துச் செல்லுதல் வேண்டும். சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். கூட்டத்தில் பிரிய நேரிட்டால் எங்கே காத்திருப்பது என்பதையும் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

விடுதலையின் சுவடுகள்

முதலில் மெர்டேக்கா சதுக்கத்திற்குச் செல்லுங்கள். 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டு, நம் நாட்டுக் கொடி ஏற்றப்பட்ட திடல் இதுவே. மறுநாள் காலையில் மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்து, "மெர்டேக்கா!" என ஏழு முறை முழங்கினார். அந்த அரங்கின் அருகே இன்று நிற்கும் மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர் உயரமுடையது. உலகில் இரண்டாவது உயரமான கட்டடம் என்னும் பெருமை பெற்றது.

அடுத்துக் காணத்தக்கது, 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகம். கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். தொல்பழங்காலம் முதல் இன்றைய மலேசியா வரையிலான வரலாறு நான்கு கூடங்களில் வரிசையாகக் காட்டப்பட்டுள்ளது. விரைந்து சுற்றி வெளியேறாதீர்கள். ஒவ்வொரு கூடத்திலும் பிள்ளைகள் ஒரு செய்தியையேனும் குறிப்பேட்டில் எழுதட்டும்.

பத்துமலை

பத்துமலைக்குச் செல்ல வாடகை வண்டி தேவையில்லை. 2010 முதல் கொமுட்டர் இரயில் மலையடிவாரம் வரை செல்கின்றது. 272 படிகளையும், 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையையும் அறியாதார் இலர். அதற்கு மேலும் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இக்கோயிலைத் தோற்றுவித்தவர் தம்புசாமிப் பிள்ளை. இங்குத் தைப்பூசம் 1892 முதல் கொண்டாடப்பட்டு வருகின்றது. நாடு விடுதலை பெறுவதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் இங்கு வேரூன்றிவிட்டனர் என்பதற்கு இது சான்றாகும்.

பத்து வெள்ளியில் எழுந்த மாளிகை

சுல்தான் சுலைமான் சாலையில் துன் சம்பந்தன் மாளிகை உள்ளது. சுற்றுலாப் பயணிகள் அதனைத் தேடிச் செல்வதில்லை. தோட்டத் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டிய கட்டடம் அது.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தம் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். தோட்டத் துண்டாடல் எனப் பெயர் பெற்ற அக்கொடுமையால் தொழிலாளர்கள் வேலையோடு குடியிருந்த லயத்தையும் இழந்தனர். அந்நிலையில் 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, நூறு வெள்ளிப் பங்கினை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பெறுமாறு தொழிலாளரைத் திரட்டினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பால்வெட்டிய கைகளே தோட்டத்தை விலைக்கு வாங்கின. அச்சங்கத்தின் இல்லமே இம்மாளிகை.

மரத்தின் ஊர்

இறுதியாகப் புத்ரா ஜெயாவுக்குச் செல்லுங்கள். டி.பி.எஸ். முனையத்தை ஒட்டிய நிலையத்திலிருந்தே இரயில் உண்டு. கோலாலம்பூர் தலைநகராகவே நீடிக்கின்றது. ஆயினும் பிரதமர் அலுவலகம் 1999ஆம் ஆண்டு இங்கு இடம் மாறியது. ஏரியும் பாலங்களும் பூங்காக்களும் கண்ணுக்கு விருந்தாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் குளுவாங் வட்டாரத் தொழிலாளர் சிலருடன் நாம் அங்குச் சென்றிருந்தோம். அவர்களுள் முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டிய அம்மையார் ஒருவரும் இருந்தார். "அம்மா, உங்கள் தோட்டத்தில் என்ன மரம்?" என்று கேட்டோம். "பி.பி. மரங்க" என்றார். "அந்தப் பி.பி. என்பது இந்த இடத்தின் பெயர்தான்" என்று விளக்கினோம்.

ஆம், புத்ரா ஜெயா எழுந்த நிலத்தில் முன்பு பிராங் பெசார் என்னும் ரப்பர்த் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினர். மலாய் மொழியில் அப்பெயருக்குப் 'பெரும்போர்' என்பது பொருள். பி.பி. 86, பி.பி. 260 முதலிய உயர்ரக மரங்கள் அத்தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அங்குப் பால்வெட்டிய குடும்பங்கள் புதிய நகருக்கு இடம் விட்டு டிங்கிலுக்குப் பெயர்ந்தன.

அம்மையார் சிறிது நேரம் ஏரியையே நோக்கி நின்றார். பின்னர், "அப்போ நான் தெனமும் கும்புட்டுட்டு வெட்டுன மரத்தோட ஊருங்களா ஐயா இது? தெரியாமலே போயிருப்பேனே!" என்றார். அருகில் நின்ற பேரன் அன்று முழுவதும் வினாக்களைத் தொடுத்தபடி வந்தான்.

திரும்பிய பின்

இல்லம் திரும்பியதும், பிள்ளைகளைக் கண்டவற்றை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பாட்டியார் உயிரோடு இருப்பின் அதை அவர்முன் படிக்கச் செய்யுங்கள். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மங்கு ஏந்தி, நிரை நிரையாக நடந்த நாள்களைப் பற்றி அவர் கூறுவதையும் அப்பக்கத்தோடு சேர்த்தெழுதச் சொல்லுங்கள். தலைநகரின் வரலாறு அப்பொழுதுதான் நிறைவு பெறும்.

தலைநகரில் நாம் விருந்தினர் அல்லர். அதனை எழுப்பிய செல்வத்தில் நம் உழைப்புக்கும் பங்கு உண்டு. அவ்வுரிமை உணர்வோடு சென்று வாருங்கள்!