யாரைக் கேட்டு மாற்றுவது?



வீட்டைப் புதுப்பிக்க எண்ணும் அறிவுடைய தலைவன், வீட்டாரைக் கலந்த பின்னரே கொத்தனாரை அழைப்பான். அடுப்படியில் புகை சூழும் துன்பம் அங்கு நின்று சமைப்பவருக்குத்தானே தெரியும்? நாட்டைச் சீர்திருத்துவோர்க்கும் இவ்விதி பொருந்தும். ஒரு மாற்றத்தால் நன்மையோ தீமையோ எய்தக்கூடியவர் யாவர், அவர்தம் நலன்கள் யாவை என்று முன்னரே ஆராய்தல் வேண்டும். இதற்கு நமது காரைக்காலின் வரலாறே தக்க சான்று.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர், 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

விடுதலை வேட்கை பொதுவாயினும், கவலைகள் வேறு வேறாயின. அரசு ஊழியர்க்குப் பணியைப் பற்றிய கவலை. பிரெஞ்சு முறையில் பயின்ற மாணவர்க்குப் படிப்பு இடையில் அறுபடுமோ என்ற அச்சம். வேறு சிலர்க்குக் குடியுரிமையைப் பற்றிய ஐயம். 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இவற்றுக்கெல்லாம் விடை வகுத்தது. உள்ளூர் ஊழியரை இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. மாணவர், தொடங்கிய படிப்பைப் பழைய முறைப்படியே முடிக்க வசதி தரப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் அதனைத் தெரிவிக்கலாம். இப்பகுதிகளின் தனி நிலையை மாற்றுவதாயின், மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அவ்விதியின் அருமை 1979-இல் விளங்கிற்று. நான் அப்போது மாணவன். புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்ற கருத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டார். மக்களைக் கேளாது எழுந்த அப்பேச்சு பெருங்கிளர்ச்சியை மூட்டியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இணைப்பு கைவிடப்பட்டது. அக்கருத்து நன்றா தீதா என்பது வேறு வினா. கேளாமை தீது என்பதில் ஐயமில்லை.

எனினும் கீழூரிலும் ஒரு குறை இருந்தது. வாக்களித்தவர் பிரதிநிதிகளே, வயலில் நாற்று நட்ட பெண்ணின் கையிலும், கட்டுமரம் ஏறிய மீனவரின் கையிலும் அன்று வாக்குச்சீட்டு இல்லை. பேசத் தெரிந்தவரின் நலன் தானே மேலெழுந்து வரும். பேசாதவரின் நலனையோ நாம் தேடிச் சென்று அறிய வேண்டும். வாய்க்காலின் கடைமடையில் நிற்பவரைக் கேட்டறியாமல், நீர் எல்லார்க்கும் பாய்ந்ததென்று தலைமடையில் இருப்பவர் கூறலாகுமா?

நாளை நீங்கள் அதிகாரிகளாகவோ, பொறியாளர்களாகவோ, ஊராட்சித் தலைவர்களாகவோ ஆகலாம். எந்தத் திட்டத்திலும் கையொப்பமிடுமுன், "இதனால் பாதிக்கப்படுவோருள் யாரை இன்னும் கேட்கவில்லை?" என்று உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள்.